73-ஐ வேடிக்கைப் பொருளாக்கியது போதும்

தேசியக் கணித நாள் நெருங்கினால் போதும். 1729, 6174, 73 என்று எண்கள் ஊர்வலம் வரத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் ‘அதிசயம்’ மாலையாகத் தொங்குகிறது. மாணவர் வியக்கிறார், பகிர்கிறார், மறக்கிறார். கணிதம் என்பது இத்தகைய வியப்புகளின் தொகுப்பு என்னும் எண்ணம் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. இப்பழக்கத்தால் மிகுதியாகச் சிறுமைப்பட்ட எண் 73. அச்சிறுமையால் மிகுதியாக இழப்பவர்கள், பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ்வழியில் கணிதம் பயிலும் மாணவர்கள். இவ்விரு கூற்றுகளுக்கும் காரணம் காட்டுவதே இப்பதிவின் நோக்கம்.

முதலில், 73-ஐப் பற்றி எங்கும் சொல்லப்படுவது என்ன? 2010 டிசம்பரில் ஒளிபரப்பான ‘தி பிக் பேங் தியரி’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் 73-ஆம் பகுதியில், ஷெல்டன் கூப்பர் என்னும் பாத்திரம் இவ்வெண்ணை எண்களிலேயே சிறந்தது என்கிறது. காரணங்கள் நான்கு. 73 என்பது 21-ஆவது பகா எண். அதைத் திருப்பி எழுதினால் வரும் 37, 12-ஆவது பகா எண். 12 என்பது 21-இன் தலைகீழ். 73-இன் இலக்கங்களைப் பெருக்கினால் 7 × 3 = 21. ஈரடிமானத்தில் 73-ஐ எழுதினால் 1001001. முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் அதுவே. நான்கும் உண்மை, எவரும் தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். குறும்படங்களும் ரீல்களும் இந்நான்கையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

உண்மையாயிருப்பது வேறு, எண்ணின் தன்மையாயிருப்பது வேறு. 73-ஐ எட்டடிமானத்தில் எழுதிப் பார்த்தால் 111 வரும். 64, 8, 1 ஆகிய மூன்றின் கூட்டல் அது. 111-ஐத் திருப்பினால் 111-தான். அங்கே 37 இல்லை, 12 இல்லை, கண்ணாடி இல்லை. இலக்கங்களைப் பெருக்கினால் 1 வருகிறது, 21 வருவதில்லை. எண் மாறவில்லை, எழுதும் முறை மாறியது, ‘அதிசயம்’ கலைந்துபோயிற்று. மனிதருக்குக் கையில் பத்து விரல்கள் அமைந்ததால் பத்தடிமானம் வந்தது. அந்த உடற்கூற்றுத் தற்செயலின் மீது எழுப்பப்பட்ட பண்பை எண்ணின் உள்ளியல்பு என்று மாணவருக்குக் கற்பிப்பது, ஒருவரின் பெயரில் உள்ள எழுத்துகளை எண்ணி அவர் குணத்தைச் சொல்வதை ஒத்தது.

தமிழ் மரபுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. முன்பின்னாக வாசித்தாலும் மாறாத செய்யுளுக்கு மாலைமாற்று என்று பெயர். தண்டியலங்காரம் அதைச் சொல்லணியியலில், சித்திரகவிகளுள் ஒன்றாக வைத்தது. சித்திரகவி புனைவதற்குத் திறமை வேண்டும். அதில் இன்பமும் உண்டு. ஆயினும் ஒரு காப்பியத்தின் பெருமையை அதில் எத்தனை மாலைமாற்று உள்ளது என்று எண்ணி எந்தத் தமிழாசிரியரும் அளப்பதில்லை. தமிழ் வகுப்பில் செய்யத் தயங்கும் பிழையைக் கணித வகுப்பில் விழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்புக்கு உரிய நீதியைச் செய்தாக வேண்டும். அத்தொலைக்காட்சி உரையாடலிலிருந்து உண்மையான கணிதமும் பிறந்தது. கிறிஸ் ஸ்பைசர் முதலானோர், இவ்விரு பண்புகளும் சேர்ந்தமைந்த பகா எண் வேறு உண்டா என்று கேட்டனர். 2019-இல் கார்ல் போமரன்ஸும் ஸ்பைசரும் இல்லை என்று நிறுவினர். பகா எண்களின் பரவலைப் பற்றிய நுண்ணிய மதிப்பீடுகளும் கணினித் தேடலும் அதற்குத் தேவைப்பட்டன. பெருக்கல் பண்பு மட்டும் உடைய பகா எண்களை எடுத்துக்கொண்டால் 17 என்னும் சிறிய எண்ணும் அங்கே நிற்கிறது: அது 7-ஆவது பகா எண்; 1 × 7 = 7. வேடிக்கையைக் கணிதமாக்கியது ‘வேறு உண்டா, இல்லையெனில் ஏன்?’ என்னும் ஒரு வினா. பகிரப்படும் படங்கள் அவ்வினாவை வெட்டி எறிந்துவிட்டு, விடையின் பளபளப்பை மட்டும் கொண்டுவருகின்றன.

73-க்கு வேறொரு பண்பும் உண்டு. எந்த அடிமானத்தில் எழுதினாலும் அது கலையாது. வேற்றுக்கோளில் பன்னிரு விரல் உயிரினம் இருந்தால் அதுவும் கண்டடையக்கூடிய பண்பு அது.

1770-இல் எட்வர்டு வாரிங் என்னும் ஆங்கிலேயக் கணிதர் நிறுவல் ஏதுமின்றி ஒரு கூற்றை வெளியிட்டார். எந்த இயல் எண்ணையும் அதிகம்போனால் 4 வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். 9 கனங்களின் கூட்டலாக எழுதலாம். 19 நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம். இவ்வாறே தொடரும் என்றார். வர்க்கங்களுக்குரிய 4 என்னும் எண்ணை அதே ஆண்டில் லாக்ராஞ்சு நிறுவினார். ஒவ்வோர் அடுக்குக்கும் அப்படியொரு வரம்பு உண்டு என்பதை 1909-இல் ஹில்பர்ட் நிறுவினார். வரம்பு எது என்பதை அந்நிறுவல் சொல்லவில்லை. ஆறாம் அடுக்குக்கு அவ்வரம்பு எது? விடை: 73. அதற்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது. அதற்குக் குறைந்தால் போதாது.

குறைந்தால் போதாது என்னும் பாதியை எட்டாம் வகுப்பு மாணவரே நிறுவலாம். ஆறாம் அடுக்குகள் 1, 64, 729 என்று தொடங்குகின்றன. 703 என்னும் எண்ணை எடுத்துக்கொள்க. அது 729-ஐ விடச் சிறியது; ஆகவே 64-உம் 1-உம் மட்டுமே பயன்படும். பதினொரு 64-கள் 704 ஆகிவிடும், ஒன்று மிஞ்சிப்போகிறது. எனவே பத்து 64-களுக்கு மேல் இடமில்லை. பத்தும் சேர்ந்தால் 640. மீதி 63-ஐ ஒன்றுகளால்தான் நிரப்ப வேண்டும். 10 + 63 = 73. ஒரு 64-ஐக் குறைத்தால் அதற்கு ஈடாக அறுபத்துநான்கு ஒன்றுகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். உறுப்புகளின் எண்ணிக்கை கூடுமே தவிரக் குறையாது. நிறுவல் முடிந்தது. இதற்குக் கணினி வேண்டாம், திரை வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்.

மற்றப் பாதி கடினமானது. எண்களுக்கு முடிவில்லை; அவற்றுள் ஒன்றுகூட 73-ஐத் தாண்டாது என்று காட்ட வேண்டும். ஒரு மலையை இரு பக்கமிருந்தும் குடைவதைப் போன்றது அப்பணி. மேலிருந்து வருவது, ஹார்டியும் லிட்டில்வுட்டும் வளர்த்து, 1930-களில் வினோகிராதோவ் கூர்மைப்படுத்திய பகுப்பாய்வு முறை. குறிப்பிட்ட ஒரு பேரெண்ணுக்கு அப்பாலுள்ள எல்லா எண்களையும் அது கைப்பற்றுகிறது. கீழிருந்து ஏறுவது, சிறிய எண்களுக்கான கணக்கீடுகளிலிருந்து படிப்படியாக மேலே செல்லும் முறை. இரு சுரங்கங்களும் நடுவில் சந்தித்தால் நிறுவல் முழுமையடையும். அடுக்கு 7-உம் அதற்கு மேலும் என்னும் நிலையில் அச்சந்திப்பை, பிற்காலத்தில் சரிபார்க்கக்கூடிய ஒரு நிபந்தனையுடன், 1936 அளவில் இருவர் தனித்தனியே நிகழ்த்தினர். ஒருவர் சிகாகோவின் டிக்சன். மற்றவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை. அடுக்கு 6 மட்டும் பிடிகொடுக்காமல் நின்றது. 1940-இல் பிள்ளை அதை முடித்தார். இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் வெளிவந்த அக்கட்டுரையின் முடிவு ஓர் எண்: 73.

அதன் கனத்தை உணர ஓர் ஒப்பீடு போதும். ஐந்தாம் அடுக்குக்குரிய வரம்பு 37 என்பதைச் சீனாவின் சென் ஜிங்ருன் நிறுவியது 1964-இல். நான்காம் அடுக்குக்குரிய 19-ஐ இந்தியாவின் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரான்சின் தெசூயியே, திரெஸ் ஆகியோரும் நிறுவியது 1986-இல். வாரிங் நிறுவாமல் விட்டுச்சென்ற 19-ஐக் கைப்பற்ற 216 ஆண்டுகள் ஆயின. அவ்விரண்டுக்கும் முன்பே ஆறாம் அடுக்கு முடிந்திருந்தது.

37-உம் 73-உம் அடுத்தடுத்த அடுக்குகளின் வரம்புகளாக வந்து நிற்பதைக் கவனித்தவர் துள்ளிக் குதிக்கக்கூடும்: கண்ணாடி மீண்டும் வந்துவிட்டதே! இவ்வாசையை அடக்கத் தெரிவதே பயிற்சி. வரம்பைத் தரும் விதி எளியது. 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்துக, ஒன்றரையை அதே அடுக்குக்கு உயர்த்தி, அதன் முழு எண் பகுதியை மட்டும் எடுத்துக் கூட்டுக, 2-ஐக் கழிக்க. ஐந்துக்கு 32 + 7 − 2 = 37. ஆறுக்கு 64 + 11 − 2 = 73. ஏழுக்கு 128 + 17 − 2 = 143. 143-ஐத் திருப்பிப் பார்த்துப் பயனில்லை. 37-உம் 73-உம் ஒன்றன் கண்ணாடி மற்றொன்றாக நிற்பது பத்தடிமானத்தின் தற்செயல்; அவை வரம்புகளாக நிற்பது எண்களின் கட்டமைப்பு. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்ற மாணவர் கணிதத்துக்குள் நுழைந்துவிட்டார்.

இனி எல்லைக்கு வரலாம். பிள்ளை 1901-இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். நடுநிலைக் கல்வி செங்கோட்டையில். பள்ளிப் பருவத்திலேயே தந்தையை இழந்தவரின் படிப்பு, ஆசிரியர் ஒருவரின் உதவியால் தொடர்ந்தது. பின்னர் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி. அதன்பின் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி. அன்று செங்கோட்டையும் நாகர்கோவிலும் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த தமிழ் நிலங்கள். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை. 1929 முதல் 1941 வரை அண்ணாமலை. பிறகு திருவிதாங்கூர், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள். பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தின் அழைப்பை ஏற்று, அமெரிக்காவில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் பங்கேற்கப் புறப்பட்டவர், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். அப்போது வயது 49.

அவர் மறைந்து ஆறாண்டுகளில், 1956 நவம்பர் 1 அன்று, நிலப்படம் மாறியது. நாகர்கோவில் உள்ளிட்ட தென்வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூரின் தேவிகுளமும் பீர்மேடும், கொச்சியின் ஆளுகையில் இருந்த சித்தூரும், மலபாரின் பாலக்காடும் கேரளத்தில் அமைந்தன. அதாவது, பிள்ளை பயின்ற செங்கோட்டைப் பள்ளி எத்தகைய நிலத்தில் இருந்ததோ, அத்தகைய நிலத்தில்தான் இன்றைய கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு மாணவர்கள் பயில்கிறார்கள். வீட்டில் தமிழ், ஆட்சியில் மலையாளம், உயர்கல்வியில் ஆங்கிலம். ‘பகா எண்’ என்று ஒரு மொழியிலும் ‘அபாஜ்ய சங்க்ய’ என்று மறுமொழியிலும் கேட்டு வளர்பவர், மேல்நிலை வகுப்பில் அதே கருத்தை மூன்றாவது பெயரில் சந்திக்கிறார். மொழி மாறும் ஒவ்வொரு படியிலும் கணிதம் தமக்கு உரியதன்று என்னும் ஐயம் அவரை வந்து தொடுகிறது. அவ்வேளையில் 73 அவரிடம் வந்து சேர்வது கலிஃபோர்னியாவைக் கதைக்களமாகக் கொண்ட ஒரு நகைச்சுவைத் தொடரின் வழியாக! தம்மைப் போன்றே மொழியெல்லையில் படித்த ஒருவர் நிறுவிய எண் அது என்பதை அவரிடம் சொல்லாமல் விடுவது சிறிய தவறன்று.

உடனே ஒரு மறுமொழி எழும்: “அப்படியானால் ‘தமிழரின் எண் 73’ என்று பதாகை எழுதுவோம்.” வேண்டவே வேண்டாம். அது பழைய மாலையைக் கழற்றிப் புதிய மாலையை அணிவிப்பது. இராமானுஜனுக்கு நேர்ந்தது அதுதான். 1729 = 1³ + 12³ = 9³ + 10³ என்னும் சமன்பாடு எல்லாருக்கும் மனப்பாடம். இரு கனங்களின் கூட்டல் மற்றொரு கனத்துக்கு ஒன்று மட்டும் கூடியோ குறைந்தோ அமையும் முடிவிலாத் தொடர்களை அவர் ஆராய்ந்துவந்தார் என்பதும், 1729 = 12³ + 1 என்பது அத்தொடர்களுள் ஒரு கண்ணி என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? மருத்துவமனையில் ஹார்டிக்குச் சொன்ன ஒரு மறுமொழி நிலைத்தது. அதன் பின்னிருந்த உழைப்பு மறைந்தது. பிள்ளையையும் அவ்வாறு சிலையாக்கினால் அவரை இரண்டாம் முறை இழப்பதாகும். 73 எந்த இனத்துக்கும் சொந்தமன்று. அதன் பக்கத்து எண்களை ஒரு சீனரும், ஒரு தமிழரும், இரு பிரெஞ்சுக்காரரும் நிறுவியிருக்கிறார்கள். மாணவருக்குத் தேவை பெருமிதம் அன்று. அந்நிறுவலுக்குள் நுழையும் வழி.

இரண்டாவது மறுமொழி: “வேடிக்கைதானே மாணவரை ஈர்க்கிறது?” ஈர்க்கட்டும். மகாராட்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர், இலக்கங்களோடு விளையாடியே 6174-ஐக் கண்டறிந்தார்; அவர் விளையாட்டைக் கேள்வியாக்கத் தெரிந்தவர். மேலே வந்த 703-உம் அவர் பெயரால் வழங்கும் எண்களுள் ஒன்று: அதன் வர்க்கம் 494209; 494 + 209 = 703. இதைச் சொல்லி வகுப்பைத் தொடங்கலாம். அங்கேயே வகுப்பை முடிப்பதுதான் குற்றம்.

மூன்றாவது மறுமொழி: “பள்ளி மாணவருக்கு இது மிகக் கடினம்.” முழு நிறுவல் முதுகலை மாணவருக்கும் கடினம்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வியும் பாதி விடையும் எளியவை. கரும்பலகையில் 7, 23, 79, 223, 703 என்னும் ஐந்து எண்களை எழுதுக. 7-க்கு எத்தனை வர்க்கங்கள் வேண்டும்? 23-க்கு எத்தனை கனங்கள்? 79-க்கு எத்தனை நான்காம் அடுக்குகள்? 223-க்கு எத்தனை ஐந்தாம் அடுக்குகள்? 703-க்கு எத்தனை ஆறாம் அடுக்குகள்? விடைகள் 4, 9, 19, 37, 73. ஒரு பாடவேளைக்குள் முடியும் வேலை இது. இந்த ஐந்து எண்களுக்கும் பொதுவான விதி எது என்று அடுத்த நாள் கேட்கலாம். அவ்விதியைத் தாமே கண்டுபிடிக்கும் மாணவர், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லரின் மகன் யோகான் ஆல்பிரெக்ட் ஆய்லர் கண்ட கீழ்வரம்பைக் கண்டவராவார். இதைச் செய்ய மலையாளவழி வகுப்புக்கும் தமிழ்வழி வகுப்புக்கும் வேறுவேறு ஏற்பாடு வேண்டியதில்லை. எண்கள் இரண்டிலும் ஒன்றே.

இதில் பள்ளி ஆசிரியரை மட்டும் குறைசொல்லித் தப்பித்துக்கொள்ள இயலாது. கேரளத் தமிழ்வழி மாணவருக்குப் பாடநூல்கள் பத்தாம் வகுப்புவரை தமிழில் உள்ளன. பாடநூலுக்கு அப்பால் அவர் கையில் எடுத்து வாசிக்கக்கூடிய கணித எழுத்துதான் அரிது. அதை எழுத வேண்டியவர்கள் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள். பிள்ளையின் ஆய்வுக் கட்டுரைகள் 2010-இல் பாலசுப்பிரமணியன், தங்கதுரை ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு இராமானுஜன் கணிதக் கழகத்தால் தொகுத்து வெளியிடப்பட்டுவிட்டன. மூலம் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. எண் கோட்பாட்டில் ஆய்வு செய்யும் ஒவ்வொரு தமிழறிந்த மாணவரும் தம் துறையின் ஒரு தேற்றத்தை, கூற்றும் எடுத்துக்காட்டும் பாதி நிறுவலுமாகப் பத்துப் பக்கத்தில் தமிழில் எழுதினால் போதும். 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி. தன் முதல் ஆண்டுகளை எல்லையோரக் கோழிப்பாறையில் கழித்தது. சித்தூரிலும் மூணாற்றிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. ஆய்வு மாணவரும் உயர்நிலைப் பள்ளி மாணவரும் ஒரே பேருந்தில் பயணம் செய்யும் நிலப்பரப்பு இது. அவர்களுக்கு இடையில் இல்லாதது அந்தப் பத்துப் பக்கங்களே.

கடைசியாக, 73 முடிந்துபோன கதையும் அன்று. மேலே சொன்ன விதி எல்லா அடுக்குகளுக்கும் பொருந்துமா என்பது இன்றுவரை முழுமையாக நிறுவப்படவில்லை. விதிவிலக்குகள் இருந்தாலும் அவை முடிவுறு எண்ணிக்கையில்தான் இருக்கும் என்று 1957-இல் மாலர் நிறுவினார்; அடுக்கு 47 கோடியைத் தாண்டும் வரை கணினியால் சரிபார்த்தும் ஒரு விலக்கும் அகப்படவில்லை. மேலும், 703 போன்ற சிறிய எண்களின் பிடிவாதத்தால்தான் 73 தேவைப்படுகிறது. அவற்றை விட்டுவிட்டு, போதுமான அளவு பெரிய எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், எத்தனை ஆறாம் அடுக்குகள் போதும்? 24 போதும் என்று வானும் வூலியும் 1994-இல் காட்டினர். 9-க்குக் குறைந்தால் போதாது என்பது தெரியும். 9-க்கும் 24-க்கும் இடையில் சரியான விடை எது என்பதை உலகில் எவரும் இன்னும் அறியார்.

வருகிற டிசம்பர் 22 அன்று அறிவிப்புப் பலகையில் 73-ஐப் பற்றி எழுத நினைப்பவர்கள், திருப்பி எழுதிய 37-க்குப் பதிலாக அவ்வினாவை எழுதட்டும். வண்டிப்பெரியாற்றிலோ எருத்தேம்பதியிலோ அதை வாசிக்கும் மாணவர் அன்று வியப்போடு கலைந்துபோக மாட்டார். ஏட்டை எடுத்து 64-இன் மடங்குகளை எழுதத் தொடங்குவார்.